பழைய சேட்டக்குக்கு 'கிட்' போடப் போறீங்களா? பேரல் வாங்கும் முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க!

சென்னை,

அப்பா ஓட்டிய பஜாஜ் சேட்டக், எல்.எம்.எல். வெஸ்பா, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர்களை தூசு தட்டி மறுபடியும் ரோட்டில் இறக்குபவர்கள் பலர். இறக்கியதும் வருகிற முதல் புகார், "வண்டி இழுக்கலை" என்பதுதான். பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்குகிறது.

உடனே நண்பர்கள் வட்டாரத்தில் ஒரு யோசனை வரும். "177 கிட் போட்டுடு, பறக்கும்!"

போடலாமா? போட்டால் எதைப் போடுவது? காசை எடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

கிட் என்றால் என்ன?

பெரிய பேரல், அதற்கேற்ற பிஸ்டன், ரிங் சேர்ந்த செட்தான் 'கிட்'. சிலவற்றில் ஹெட்டும் சேர்ந்து வரும்.

பழைய டூ ஸ்ட்ரோக் சேட்டக்கில் பிஸ்டன் விட்டம் 57 மில்லி மீட்டர். அது மேலும் கீழும் போய் வரும் தூரமும் 57 மில்லி மீட்டர். கணக்கு போட்டால் 145 சி.சி. வரும். அதே இடத்தில் 63 மில்லி பிஸ்டன் உட்கார்ந்தால் 177 சி.சி. ஆகிவிடும். வெஸ்பா ரக இன்ஜின்களுக்கு இத்தாலியில் இருந்து வரும் பல கிட்களின் அளவு இதுதான்.

முதலில் போன சக்தியை மீட்டெடுங்க

வண்டி இழுக்காததற்கு பேரல் சின்னதாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். அதே பேரலில்தான் அந்தக் காலத்தில் குடும்பமே போனது. சைலன்சரில் கரி அடைத்திருக்கலாம். கிளட்ச் பிளேட் வழுக்கலாம். கிராங்க் ஆயில் சீல் காய்ந்து காற்று உள்ளே போகலாம். ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் போயிருக்கலாம்.

கிக்கரை கையால் அழுத்திப் பாருங்க. எதிர்ப்பே இல்லாமல் லேசாக இறங்கினால் இன்ஜின் போருக்கு வந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். பழைய பேரலையே லேத்தில் போர் செய்து, அரை மில்லி பெரிய பிஸ்டன் போட்டால் 148 சி.சி. வரும். கூடுவது 3 சி.சி.கூட இல்லை. ஆனால் இழந்த இழுவை திரும்பி வரும். ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பக்கம் தேடினால் சாமான் கிடைக்கும். இது மாற்றம் இல்லை, ரிப்பேர்தான். தினமும் வேலைக்குப் போகிற வண்டிக்கு இதுவே போதும்.

கிட்டில் இரண்டு ரகம்

வார்ப்பு இரும்பு பேரல் விலை குறைவு. தேய்ந்தால் மறுபடி போர் போடலாம். ஆனால் சூடு சீக்கிரம் இறங்காது.

அலுமினிய பேரல் எடை குறைவு, சூட்டை சட்டென்று வெளியே தள்ளும். ஆனால் உள்ளே கெட்டியான பூச்சு இருக்கும். அது உரிந்தால் சாதாரண லேத்தில் போர் போட முடியாது. மறுபடி பூச்சு போடணும், இல்லையென்றால் பேரலையே மாத்தணும்.

எந்த ரகமாக இருந்தாலும் பேரலில் உள்ள துளைகள் உங்க இன்ஜின் கேஸிங்கில் உள்ள துளைகளோடு பொருந்தணும். "வெஸ்பாவுக்கு வரும்" என்ற ஒரு வார்த்தையை நம்பி வாங்கினால் கை சுடும்.

பேரலோடு செலவு முடியாது

பேரல் பெரிதானால் காற்று அதிகம் போகும். அதற்கேற்ப கார்புரேட்டரில் ஜெட் மாத்தணும். மாத்தாவிட்டால் பெட்ரோல் பத்தாமல் சூடேறி, பிஸ்டன் ஜாம் ஆகும். பிளக்கை கழற்றிப் பாருங்க. பில்டர் காபி நிறம் இருந்தால் சரி. வெள்ளை அடித்திருந்தால் ஆபத்து. கருப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம்.

ஓடும் வண்டியில் பிஸ்டன் ஜாம் ஆனால் பின்சக்கரமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கிளட்ச்சைப் பிடிக்கணும்! அதுக்காகத்தான் பழைய ஆட்கள் கிளட்ச் மேல் விரல் வைத்தே ஓட்டுவார்கள்.

கிளட்ச், கிராங்க் பேரிங்கும் கூடுதல் சுமையைத் தாங்கணும். பிரேக் மட்டும் அதே பழைய டிரம் பிரேக். வேகம் கூடும், நிற்கும் தூரமும் கூடும்.

2டி ஆயிலில் கஞ்சத்தனம் கூடாது. லிட்டருக்கு 20 மில்லி என்றால் 2 சதவீதம். புது பேரல் போட்டதும் முதல் 500 கிலோ மீட்டர் வரை முறுக்காமல் ஓட்டுங்க.

சட்டம் என்ன சொல்லுது?

முக்கியமான விஷயமே இதுதான். மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. மீறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

"இன்ஜின் நம்பர் கேஸிங்கில்தானே இருக்கு, பேரலை மாத்தினா யாருக்குத் தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நம்பர் மாறாது என்பது நிஜம். ஆனால் ஆர்.சி.யில் சி.சி.யும் இருக்கிறதே!

இன்சூரன்சிலும் சிக்கல். மூன்றாம் நபர் இன்சூரன்சுக்கு 75 முதல் 150 சி.சி. வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் 350 வரை வேறு பிரிவு. 2022-ல் அறிவித்த கட்டணம் முதல் பிரிவுக்கு 714 ரூபாய், அடுத்த பிரிவுக்கு 1,366 ரூபாய். 145 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 177-ல் ஓட்டி விபத்து நடந்தால், கம்பெனி கைவிரிக்க அதுவே காரணம் ஆகலாம். அடிபட்டவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு தரும் சுமை உங்க தலையில் விழலாம்.

இன்னொன்று. 50 வருஷம் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. இன்ஜினில் மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அந்த மரியாதை. சேட்டக் வந்தது 1972-ல். ஆரம்ப கால வண்டி வைத்திருப்பவர்கள் கிட் போட்டால் இதையும் இழப்பார்கள்.

பெரிய கிட் எல்லாம் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிற வண்டிக்குத்தான். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு கரி எடுங்க, சீல் மாத்துங்க, தேவைப்பட்டால் போர் போடுங்க. செலவும் குறையும், செக்கிங்கில் போலீஸ் நிறுத்தினாலும் பயமில்லாமல் ஆர்.சி.யை நீட்டலாம்.