வாடகைக் கார் தொழில்: லாபம் வண்டியிலா, ஓட்டத்திலா?

மளிகைக் கடையிலோ மொத்த வியாபாரத்திலோ ஓரளவு காலூன்றிவிட்ட நம் உறுப்பினர்கள், கையில் சேர்ந்த முதலை இன்னொரு தொழிலில் போட நினைக்கும்போது பலருக்கும் முதலில் கண்ணில் படுவது வாடகைக் கார் தொழில். படித்து முடித்த மகன் வீட்டில் இருக்கிறான். நிதி நிறுவனங்கள் கடன் தரத் தயாராக இருக்கின்றன. கடைக்கு வரும் வாடிக்கையாளர்களே கல்யாணம், கோயில், மருத்துவமனை என்று கார் தேடுகிறார்கள். "நாலு வண்டி வாங்கி விட்டால் மாதம் பிறந்ததும் வாடகை வந்து விழாதா?" என்ற எண்ணம் எழுவது இயல்புதான்.

வந்து விழும். ஆனால் அந்தப் பணம் வண்டியிலிருந்து வருகிறதா, வேறெதிலிருந்தாவது வருகிறதா என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நாள்கூடத் தாங்காத சரக்கு

இன்று விற்காத துவரம்பருப்பு நாளை விற்கும். விற்காத தக்காளியைக்கூட மாலையில் விலை குறைத்துத் தள்ளிவிடலாம். வாடகைக் காரில் நாம் விற்கும் சரக்கு நேரமும் கிலோமீட்டரும். இன்று வண்டி ஷெட்டில் நின்றால் இன்றைய வாடகை போனது போனதுதான். கடன் தவணையும் இன்சூரன்சும் டிரைவர் சம்பளமும் மட்டும் வண்டி நின்றாலும் நிற்பதில்லை.

அதைவிடப் பெரிய செலவு காலி ஓட்டம். லாரியில் சரக்கு எடுக்கும் நமக்கு இது புதிதல்ல. ரிட்டர்ன் லோடு கிடைக்காத லாரிக்காரர் ஏன் கூடுதல் வாடகை கேட்கிறார் என்று நமக்குத் தெரியும். காருக்கும் அதே கதிதான். மதுரையிலிருந்து சென்னை விமான நிலையத்தில் ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சவாரி கிடைக்கவில்லை என்றால் டீசலும் டோல்கேட்டும் நம் தலையில்.

ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். அவரவர் ஊர் விலையை வைத்துப் போட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

9 லட்சம் ரூபாய்க்கு ஒரு செடான் கார். கையிலிருந்து 2 லட்சம், கடன் 7 லட்சம், வட்டி 10 சதவீதம், 5 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 14,900 ரூபாய் கட்ட வேண்டும். இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. ஆகியவற்றுக்கு மாதம் 5,000. டிரைவர் சம்பளம் 18,000. ஆக, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 37,900 ரூபாய் செலவு. டிரைவர் பேட்டாவும் டோலும் வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கிக் கொடுப்பதாகக் கொண்டு அவற்றை இதில் சேர்க்கவில்லை.

வாடகை கிலோமீட்டருக்கு 14 ரூபாய். எரிபொருள், டயர், ஆயில், சர்வீஸ் எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் செலவு. ஓடும் தூரம் முழுவதற்கும் வாடகை கிடைத்தால் மிச்சம் 7 ரூபாய். அப்படியானால் மாதம் சுமார் 5,400 கிலோமீட்டர் ஓடினால்தான் முதலுக்கு முதல் வரும்.

ஓடும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலி ஓட்டம் என்றால்? சராசரி வரவு 11 ரூபாய் 20 காசாக இறங்கும். மிச்சம் 4 ரூபாய் 20 காசு. இப்போது முதலுக்கு முதல் வர மாதம் சுமார் 9,000 கிலோமீட்டர், அதாவது நாள் தவறாமல் 300 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஐந்தில் இரண்டு பங்கு காலியானால் மிச்சம் 1 ரூபாய் 40 காசுதான். மாதம் 27,000 கிலோமீட்டர் எந்த வண்டியும் ஓடாது.

சொந்தமாக ஓட்டுபவர் இதே வண்டியில் எப்படிப் பிழைக்கிறார் என்பதற்கும் இக்கணக்கிலேயே விடை உண்டு. 18,000 ரூபாய் சம்பளம் அவர் வீட்டிலேயே தங்குகிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டும் முதலாளி, அவரோடு அதே வாடகைக்குப் போட்டி போட வேண்டியிருக்கிறது. ஆகவே வண்டியைக் கூட்டினால் லாபம் கூடும் என்று எண்ண வேண்டாம். காலி ஓட்டத்தைக் குறைக்கத் தெரியாதவர் வண்டியைக் கூட்டினால் நட்டம்தான் கூடும்.

முதலில் வாடிக்கை, பிறகு வண்டி

காலி ஓட்டத்தைக் குறைப்பது வாடிக்கையைப் பொறுத்தது. இங்கேதான் கடைக்காரருக்கு ஒரு பலம் இருக்கிறது. தெருவில் யார் வீட்டில் கல்யாணம், யார் பிள்ளை வெளிநாட்டிலிருந்து வருகிறது, எந்த வீட்டுப் பெரியவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடியே காதில் விழும்.

ஆகவே வண்டி வாங்குமுன் ஆறு மாதம் ஆர்டர் மட்டும் எடுத்துப் பார்ப்பது நல்லது. வந்த ஆர்டரை நம்பிக்கையான மஞ்சள் போர்டு வண்டிக்காரர்களுக்குக் கொடுத்துக் கமிஷன் வாங்கிக் கொள்ளலாம். எந்த மாதம் ஓட்டம், எந்த மாதம் முடக்கம் என்பது அப்போது தெரிந்துவிடும். ஒரு வண்டி ஓய்வின்றி ஓடும் அளவுக்கு ஆர்டர் சேர்ந்த பிறகு ஒரு வண்டி வாங்கலாம். மேற்கொண்டு வரும் ஆர்டருக்கு அட்டாச் வண்டிகள் இருக்கவே இருக்கின்றன.

போக வர ஒரே வண்டி என்று நாள் கணக்கில் பேசும் வெளியூர்ச் சவாரிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்கிடும் வழக்கம் நம் மாநிலத்தில் பரவலாக உள்ளது. இதில் திரும்பும் தூரத்துக்கும் வாடகை உண்டு.

ஓன் போர்டு ஆசை வேண்டாம்

"சொந்தக் கார் சும்மாதானே நிற்கிறது, தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, பெர்மிட் இல்லாமல் வண்டியை வாடகைக்கு ஓட்டுவது குற்றம். 2019-ல் திருத்தப்பட்ட 192-ஏ பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் உண்டு.

அபராதத்தைவிட ஆபத்தானது இன்சூரன்ஸ். சொந்த உபயோகத்துக்கான பாலிசி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது என்று அந்தப் பாலிசியிலேயே எழுதியிருக்கும். வாடகை ஓட்டத்தில் விபத்து நேர்ந்து, இழப்பீட்டுச் சுமை உரிமையாளர் மேல் வந்தால், வீடும் கடையும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். முப்பது வருடம் கட்டிக்காத்த கடையை மூவாயிரம் ரூபாய் வாடகைக்குப் பணயம் வைக்கலாமா?

மஞ்சள் போர்டு பதிவு, பெர்மிட், வாடகை வாகன இன்சூரன்ஸ், எஃப்.சி. ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். எஃப்.சி. வண்டிக்கு எட்டு வயதாகும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். பெங்களூர், திருப்பதி, சபரிமலை என்று மாநிலம் தாண்டுவதானால் அகில இந்திய சுற்றுலாப் பெர்மிட்டை இணையவழி விண்ணப்பித்துப் பெறலாம். டிரைவர் லைசென்ஸ் பற்றி நீண்டகாலம் இருந்த குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்த்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டிகளை இலகு ரக லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம்.

கடைக் கணக்கில் கலக்க வேண்டாம்

ஜி.எஸ்.டி.யில் ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லாத் தொழிலின் விற்றுமுதலும் ஒன்றாகவே கணக்கிடப்படும். கடை முதலாளி தன் பெயரிலேயே கார் வாங்கி ஓட்டினால் கார் வாடகையும் கடைக் கணக்கோடு சேரும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அவர்களின் சேவை வருமானம், முந்தைய ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கடைக்கு உள்ள காம்போசிஷன் சலுகையே போய்விடும். மகன் பெயரிலோ தனி நிறுவனமாகவோ தொடங்குவது பற்றி ஆடிட்டரிடம் கலந்து முடிவு செய்யவும். வங்கிக் கணக்கும் தனியாகவே இருக்கட்டும்.

செயலியை நம்பி மட்டும் வாங்காதீர்

ஊபர் 2009-ல் அமெரிக்காவில் தொடங்கியது. ஓலா 2010-ல் இங்கே வந்தது. 2013-ல் ஊபரும் இந்தியாவில் இறங்கியது. தொடக்கத்தில் ஊக்கத்தொகை அள்ளிக் கொடுக்கப்பட்டது. அதை நிரந்தர வருமானம் என்று எண்ணிப் பலர் கடனில் கார் வாங்கினார்கள். ஊக்கத்தொகை குறைந்தது, தவணை குறையவில்லை. 2017 பிப்ரவரியில் டெல்லி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

நியூயார்க்கில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே மஞ்சள் டாக்சி ஓட்ட 'மெடாலியன்' என்ற உரிமம் வேண்டும். அதன் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, சுமார் 13,500. 2014 வாக்கில் ஓர் உரிமத்தின் விலை 10 லட்சம் டாலரைத் தொட்டது. விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிக் கடன் வாங்கியவர்கள், செயலி வண்டிகள் பெருகி விலை சரிந்தபோது மீள முடியாமல் தவித்தார்கள். 2021-ல் நகர நிர்வாகமே தலையிட்டுக் கடனைக் குறைக்க வேண்டி வந்தது. தினசரி வசூல் தாங்கும் அளவுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

செயலி ஓட்டமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வண்டி சும்மா நிற்கும் நேரத்தை நிரப்ப அது உதவும். ஆனால் செயலியில் வரும் வாடிக்கையாளர் நமக்குச் சொந்தமில்லை. நம் எண்ணுக்கு நேரே அழைப்பவரே நம் வாடிக்கையாளர்.

நடத்தும் முறை

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ட்ரிப் ஷீட் எழுத வேண்டும். புறப்பட்ட மீட்டர், திரும்பிய மீட்டர், வாடகை வாங்கிய தூரம் ஆகிய மூன்றும் அதில் இருந்தால் காலி ஓட்டம் தானே தெரியும். டேங்கை நிரப்பி அடுத்த முறை நிரப்பும்வரை ஓடிய தூரத்தை வைத்து மைலேஜ் பார்த்தால் எரிபொருள் கணக்கு சரியாக நிற்கும்.

நிறுவனங்களுக்கு மாதக் கணக்கில் வண்டி விடும்போது கடன் நாள் எத்தனை என்று முதலிலேயே எழுத்தில் பேசிக் கொள்ளுங்கள். அவர்கள் அறுபது நாளில் கொடுப்பார்கள். டீசல் பங்கில் நமக்கு அறுபது நாள் கடன் கிடையாது.

இரவெல்லாம் ஓட்டி வந்த டிரைவரை விடியற்காலையில் அடுத்த சவாரிக்கு அனுப்பாதீர்கள். ஒரு சவாரி போனால் இன்னொன்று வரும். உயிர் போனால் வராது. சம்பளமும் பேட்டாவும் தேதி தவறாமல் கிடைக்கும் இடத்தில்தான் நல்ல டிரைவர் நிலைப்பார். அவர் முகத்துக்காகவே திரும்ப அழைக்கும் குடும்பங்கள் உண்டு.

கடை வைப்பதற்கு முன் அந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் எப்படி என்று நின்று பார்த்தவர்கள் நாம். கார் வாங்குவதற்கு முன்பும் அதே பொறுமையோடு ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவோம்.