எழுதப்பட்ட மௌனமும் பதிவான மௌனமும்: ஆர்வோ பெர்ட்டின் வழிபாட்டுச் சேர்ந்திசையை ஒலிப்பதிவில் கேட்டல்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான கிறித்தவ வழிபாட்டுச் சேர்ந்திசை, வழிபாட்டு இடங்களைவிட ஒலிப்பதிவுகள் வழியாகவே பெரும்பாலான கேட்போரை அடைந்துள்ளது. எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பெர்ட்டின் 'பாஸியோ', 'கானோன் பொகாயானென்' ஆகிய இரு படைப்புகளைச் சான்றாகக் கொண்டு, அவற்றின் சொல், சுரம், மௌனம் ஆகியவை பதிவில் அடையும் மாற்றங்களை இக்கட்டுரை விளக்குகிறது. பதிவை நிகழ்வின் நகலாகக் கொள்ளாமல், தனித்த பாடமாகக் கொண்டு கேட்பதற்கான முறை ஒன்றும் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சேர்ந்திசை, ஆர்வோ பெர்ட், தின்தினாபுலி, எதிர்முழக்கம், ஒலிப்பதிவு, மௌனம்.

முன்னுரை

ஓர் இசைப்படைப்பை ஆராய்வோர் பெரும்பாலும் அதன் சுரக்குறிப்பையோ பாடல் வரிகளையோ மூலமாகக் கொள்கின்றனர். ஒலிப்பதிவு துணைச்சான்று என்ற அளவில் நின்றுவிடுகிறது. எனினும் ஒருவர் உண்மையில் கேட்டது எது என்ற வினா எழும்போது இவ்வரிசை பொருந்துவதில்லை. கேட்போரின் செவிக்கு வந்தது குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட குழுவினரால் பாடப்பட்டு, ஒலிவாங்கிகளால் வாங்கப்பட்டு, தொகுக்கப்பட்ட ஒலியாகும். வழிபாட்டு இசையில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. வழிபாட்டில் பாடல் ஒரு செயலின் உறுப்பு. பதிவிலோ அச்செயல் இல்லை, பாடல் மட்டும் எஞ்சுகிறது. அவ்வாறு எஞ்சுவதில் எது நிலைக்கிறது, எது மாறுகிறது, எது மறைகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. பெர்ட்டின் இசைமொழி

ஆர்வோ பெர்ட் 1935ஆம் ஆண்டு எஸ்தோனியாவின் பைதே நகரில் பிறந்தார். 1968இல் நிகழ்த்தப்பட்ட அவரது 'கிரேதோ' வெளிப்படையான சமய அறிக்கையைக் கொண்டிருந்தமையால் சோவியத் ஆட்சியாளரின் கடும் அதிருப்திக்கு உள்ளாயிற்று. அதன்பின் வந்த ஆண்டுகளில் மிகச் சிலவற்றையே இயற்றிய அவர், கிரெகோரியப் பாடல்களையும் பழைய பல்குரல் இசையையும் பயின்றார். 1972இல் மரபுவழித் திருச்சபையில் இணைந்தார். 1976இல் 'ஃப்யூர் அலினா' என்னும் சிறு பியானோ படைப்புடன் அவரது புதிய இசைமொழி வெளிப்பட்டது. சிறுமணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குத் 'தின்தினாபுலி' எனப் பெயரிட்டார். 1980இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

இம்முறையில் இரு குரல்கள் பிரிக்க இயலாத இணையாக இயங்குகின்றன. ஒன்று மையச் சுரத்திலிருந்து, அல்லது மையச் சுரத்தை நோக்கி, படிப்படியாக ஏறியோ இறங்கியோ செல்லும். இக்கட்டுரையில் இது நடைக்குரல் எனப்படும். மற்றொன்று அடிப்படை முச்சுர அடுக்கின் சுரங்களை மட்டுமே ஒலிக்கும். இது மணிக்குரல் எனப்படும்.

தமிழ் ஆய்வாளர்க்குப் பழக்கமான சுரப்பெயர்களால் இதனை விளக்கலாம். சாதாரண காந்தாரம் அமைந்த ச-க-ப என்பதே அடுக்கு எனக் கொள்வோம். மணிக்குரல் எப்போதும் நடைக்குரலுக்கு மேலே, மிக அருகிலுள்ள அடுக்குச் சுரத்தை எடுக்கும் என்பது விதியாயின், நடைக்குரல் 'ச' பாடும்போது மணிக்குரல் 'க' பாடும். 'ரி' பாடும்போதும் 'க'வே. 'க'வுக்கும் 'ம'வுக்கும் 'ப'. 'ப'வுக்கு மேல் 'ச'. இவற்றுள் சதுச்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் அரைச்சுர இடைவெளியில் நெருங்கி உரசுகின்றன. அடுத்த அடியிலேயே 'க-ப' என்ற இணக்கம் வருகிறது. உரசலும் தணிவும் இயற்றுவோரின் உணர்ச்சி வெளிப்பாடாக அன்றி, விதியின் விளைவாகவே மாறி மாறித் தோன்றுகின்றன. பெர்ட்டின் இசை எளிமையாக ஒலித்தும் வெறுமையாக ஒலிக்காமைக்கு இதுவே அடிப்படைக் காரணம்.

2. சொல்லே அளவுகோல்

பாடல்களில் இவ்விதிகளை இயக்குவது சொல்லாகும். ஒரு சொல்லில் எத்தனை அசைகள் உள்ளனவோ, நடைக்குரல் அத்தனை படிகள் நகரும். (அசை என்பது இங்கு யாப்பிலக்கண உறுப்பைக் குறிக்காமல், ஒரே மூச்சழுத்தத்தில் ஒலிக்கும் ஒலிப்பகுதியைக் குறிக்கும்.) ஆகவே சொல்லின் நீளமே சுரவரிசையின் நீளமாகிறது.

யோவான் நற்செய்தியின் 18, 19ஆம் அதிகாரங்களை இலத்தீன் மொழியில் பாடும் 'பாஸியோ' (1982) இதனைக் காலஅளவுக்கும் விரிக்கிறது. நிறுத்தக்குறிக்கு முன் நிற்கும் சொல் நீட்டப்படுகிறது. எக்குறி என்பதற்கேற்ப நீட்சியும் அதனைத் தொடரும் மௌனமும் வேறுபடுகின்றன. கதையுரைக்கும் நற்செய்தியாளரின் பகுதி தனியொருவருக்குத் தரப்படாமல் நால்வர் குழுவுக்கும் நான்கு கருவிகளுக்கும் பகிரப்படுகிறது. இயேசுவின் பகுதி தாழ்குரலிலும் பிலாத்துவின் பகுதி உயர்வகை ஆண்குரலிலும் அமைகின்றன. இயேசுவின் சொற்களே யாவற்றினும் மெதுவாக நகர்வன.

இவ்விடத்தில் கேட்போர் எதிர்கொள்ளும் சிக்கல் தெளிவாகிறது. இசையின் ஓட்டத்தை நிறுத்தக்குறிகள் ஆளும்போது, சொற்களை அறியாது கேட்பவர்க்கு மௌனங்கள் காரணமற்ற இடைவெளிகளாகவே படும். பாடத்தைக் கையில் வைத்துக் கேட்பவர்க்கோ ஒவ்வொரு மௌனமும் ஒரு தொடரின் முடிவு. இதே ஒலிப்பதிவு முன்னவர்க்கு ஒரு மனநிலையாகவும் பின்னவர்க்கு ஒரு வாசிப்பாகவும் அமைகிறது.

3. மௌனத்தின் நீளம்

சுரக்குறிப்பில் மௌனம் எண்ணப்படுகிறது. கற்கூடத்தில் அது ஒலியால் நிரம்புகிறது. பாடகர் வாய்மூடிய பின்னும் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி தொடர்வதே எதிர்முழக்கம். ஒலிமட்டம் 60 டெசிபெல் தணிவதற்கு ஆகும் காலம் எதிர்முழக்கக் காலம் எனப்படும். தின்தினாபுலி இசையில் இது வெறும் சூழல் அன்று. மணிக்குரலின் சுரங்கள் ஒரே அடுக்கைச் சேர்ந்தவையாதலால், அவை எஞ்சி ஒன்றன்மேல் ஒன்று படியும்போது அவ்வடுக்கு நிலைத்து ஒலிக்கிறது. நடைக்குரலின் அடுத்தடுத்த சுரங்களோ படியும்போது கலங்குகின்றன. கட்டடமே மணிக்குரலின் பக்கம் நிற்கிறது எனலாம்.

இந்த எச்சவொலி கேட்கும் சூழலுக்கேற்பக் குறைகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். எதிர்முழக்கக் காலம் 4 வினாடி எனக் கொண்டால், ஒலி வினாடிக்கு 15 டெசிபெல் வீதம் தணியும். கேட்போர் அறையில் பாடலின் ஒலிமட்டம் 60 டெசிபெல் என்றும், பின்னணி இரைச்சல் 20 டெசிபெல் என்றும் கொண்டால், எச்சவொலி இரைச்சலில் மறைய ஏறத்தாழ 2.7 வினாடிகள் ஆகும். மின்விசிறியும் தெருவோசையும் சேர்ந்து இரைச்சல் 40 டெசிபெல் ஆயின், 1.3 வினாடியிலேயே அது மறைந்துவிடும். பதிவில் எந்த மாற்றமும் இல்லை. ஆயினும் மௌனத்துள் இருந்த இசையில் பாதி கேட்போரை அடையவில்லை. முன்னவர் தணிவைக் கேட்கிறார். பின்னவர் நிறுத்தத்தைக் கேட்கிறார். பெர்ட்டின் மௌனத்தைப் பற்றி எழுதும் ஆய்வாளர், தாம் எங்கே, எக்கருவியில் கேட்டார் என்பதைக் குறிப்பிட வேண்டுவது இதனாலேயே.

4. பதிவு என்னும் பாடம்

'பாஸியோ'வின் முதற்பதிவைப் பால் ஹில்லியர் தலைமையிலான ஹில்லியர்ட் குழு 1988இல் இலண்டனின் புனித யூதா ஆலயத்தில் நிகழ்த்தியது. மான்ஃபிரெட் ஐகர் நடத்திய இசிஎம் நிறுவனத்தின் 'நியூ சீரீஸ்' வரிசையில் அது வெளிவந்தது. அவ்வரிசையே 1984இல் பெர்ட்டின் 'தபுலா ராசா' பதிவுடன் தொடங்கியதாகும். ஏறத்தாழ 70 நிமிடம் இடைவெளியின்றி ஓடும் 'பாஸியோ'வை இசைத்தட்டில் கேட்க வேண்டுமாயின் இடையிடையே தட்டைத் திருப்ப வேண்டும். ஏறத்தாழ 74 நிமிடம் கொள்ளும் குறுந்தகடு அதனை ஒரே ஓட்டமாக வைத்திருக்க இடந்தந்தது. தொடர்ச்சியே வடிவமான ஒரு படைப்புக்கு இது சிறிய வசதி அன்று. இறுதியில் வரும் குறுகிய வேண்டல் பகுதி வேறு சுரநிலைக்கு மாறிப் பெருமுழக்கமாக விரிகிறது. அதற்கு முன்னுள்ள நீண்ட, அடங்கிய நேரத்தைக் கடந்து வந்தவர்க்கே அம்மாற்றம் விடுதலையாக ஒலிக்கும். அப்பகுதியை மட்டும் தனியே எடுத்துக் கேட்பவர்க்கு அது அழகான ஒரு முடிவு மட்டுமே.

'கானோன் பொகாயானென்' மற்றொரு நிலையைக் காட்டுகிறது. கொலோன் பேராலயத்தின் அடிக்கல்லுக்கு 750 ஆண்டுகள் நிறைவதையொட்டி இயற்றப்பட்ட இப்படைப்பு, திருச்சபைச் சிலாவிக் மொழியிலுள்ள மனவருத்த வேண்டலை இசைக்கருவித் துணையின்றிப் பாடுகிறது. தோனு கால்யுஸ்தே தலைமையில் எஸ்தோனிய பில்ஹார்மோனிக் அறைச் சேர்ந்திசைக் குழு இதனை 1997 ஜூன் மாதம் தாலின் நகரின் நிகுலிஸ்தே ஆலயத்தில் பதிவு செய்தது. கொலோனில் அரங்கேற்றம் நிகழ்ந்ததோ 1998இல். ஆகவே இங்குப் பதிவு, நிகழ்வின் நினைவாகத் தோன்றவில்லை; நிகழ்வுக்கு முன்னரே நின்றது. மேலும் 1944 குண்டுவீச்சில் சிதைந்து மீட்டெடுக்கப்பட்ட நிகுலிஸ்தே, 1984 முதல் அருங்காட்சியகமாகவும் இசையரங்காகவும் இயங்கி வருகிறது. வழிபாட்டுப் பாடம், வழிபாடு நின்றுபோன ஆலயத்தில், வழிபடுவோர் இன்றிப் பாடப்பட்டுள்ளது. ஆயினும் அக்கூடத்தின் எதிர்முழக்கம் வழிபாட்டிடத்தின் உணர்வைக் கேட்போர்க்குத் தருகிறது. புனித இடம் என்று செவி உணர்வது ஒலியியல் பண்பையே. அவ்விடத்தின் சமயநிலையை அன்று. இவ்விரண்டையும் ஆய்வில் ஒன்றெனக் கொள்ளலாகாது.

5. அமைதியா, மனவருத்தமா?

பெர்ட், போலந்தின் ஹென்றிக் குரெட்ஸ்கி, இங்கிலாந்தின் ஜான் டேவனர் ஆகியோர் 'புனித மினிமலிசம்' என்னும் ஒரே பெயரின்கீழ் விற்பனைக்கு வைக்கப்பட்டனர். குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியின் 1992ஆம் ஆண்டுப் பதிவு பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றது. டேவனரின் 'சாங் ஃபார் அத்தீன்' 1997இல் இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கு ஒளிபரப்பால் உலகெங்கும் கேட்கப்பட்டது. இப்பரவலின் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆனால் இப்பெயர் மூவரின் வேறுபட்ட முறைகளை மறைப்பதுடன், கேட்போரிடம் ஓர் எதிர்பார்ப்பையும் விதைக்கிறது. இவ்விசை மனத்தை ஆற்றும் என்பதே அது.

'கானோன்' கூறுவது அதுவன்று. அது தன் குற்றத்தை உணர்ந்தவரின் வேண்டல். இரக்கம் கேட்கும் மறுவரி மீண்டும் மீண்டும் வருகிறது. மொழி அறியாமலும் பகுதிகளைத் தனித்தனியே பிரித்தும் கேட்கும்போது, அம்மறுவரி தாலாட்டின் தன்மையைப் பெற்றுவிடுகிறது. முழுமையாகக் கேட்கும்போதோ, விடை வராமலே கேட்கப்படும் வேண்டலின் விடாப்பிடி அதில் புலனாகிறது. ஆற்றுதலை நாடிக் கேட்போர் பிழை செய்கின்றனர் என்பது இதன் பொருளன்று. ஒரு பாடம் எவ்வாறு பயன்பட்டது என்பதும் அது என்ன கூறியது என்பதும் இருவேறு ஆய்வுப்பொருள்கள் என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது.

6. கேட்கும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு படிநிலைகள் பெறப்படுகின்றன. முதலாவது, சொற்பாடத்தைப் பொருளுடன் படித்து, அதனைக் கையில் வைத்துக்கொண்டு முழுமையாக ஒருமுறை கேட்டல். இரண்டாவது, நடைக்குரலை மட்டும், பின்னர் மணிக்குரலை மட்டும் செவியால் தொடர்தல். மூன்றாவது, மௌனங்களை மட்டும் கவனித்து, எச்சவொலி எங்கு மறைகிறது, அடுத்த தொடர் அதற்கு முன்னா பின்னா தொடங்குகிறது எனக் குறித்தல். நான்காவது, மற்றொரு குழுவின் பதிவுடன் ஒப்பிடல். 'பாஸியோ'வுக்குத் தோனுஸ் பெரெக்ரினுஸ் குழுவின் பதிவும், 'கானோ'னுக்கு டேனியல் ராய்ஸ் தலைமையிலான கப்பெல்லா ஆம்ஸ்டர்டாம் குழுவின் பதிவும் கிடைக்கின்றன. இரு பதிவிலும் மாறாதிருப்பதைப் படைப்புக்கும், மாறுவதைப் பாடுவோர், இடம், தொகுப்பு ஆகியவற்றுக்கும் உரியதாக முதற்கண் கொள்ளலாம்.

முடிவுரை

வழிபாட்டுச் சேர்ந்திசையின் ஒலிப்பதிவு, வழிபாட்டின் குறைப்பட்ட நகலும் அன்று. படைப்பைத் திரையின்றிக் காட்டும் கண்ணாடியும் அன்று. அது இடம், குழு, ஊடகம், கேட்கும் சூழல் ஆகியவற்றால் அமைந்த ஒரு பாடம். ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடு நோக்குவோர், ஏடு எழுதப்பட்ட இடத்தையும் எழுதினோரின் வழக்கத்தையும் கருதுவது போலவே, ஒலிப்பதிவை ஆள்வோரும் அதன் தோற்றச் சூழலைக் கருத வேண்டும். எவ்வழிபாட்டு இசையின் பதிவையும் சான்றாகக் கொள்ளும் ஆய்வேடு, பதிவின் இடம், ஆண்டு, குழு, கேட்ட வடிவம் ஆகிய நான்கையும் குறிப்பிடுவது நெறியாதல் வேண்டும்.