பி.எஸ்சி. வேதியியல் பாடத்திட்டம் மாறுவது ஏன்? மாணவர்கள் அறிய வேண்டியவை

மும்பை: மூன்று ஆண்டுப் பட்டமாக அறியப்பட்ட பி.எஸ்சி. வேதியியல், தேசியக் கல்விக் கொள்கை 2020-இன்படி நான்கு ஆண்டுகள் வரை தொடரக்கூடிய படிப்பாக மாறி வருகிறது. மும்பை பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2024-25 கல்வியாண்டு முதல் இம்முறை நடைமுறைக்கு வந்துள்ளது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளையும் இம்மாற்றம் நேரடியாகப் பாதிக்கிறது.

புதிய கட்டமைப்பு என்ன?

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி, ஓராண்டில் 40 கிரெடிட் பெறுபவருக்குச் சான்றிதழ், ஈராண்டில் 80 கிரெடிட் பெறுபவருக்கு டிப்ளமா, மூன்றாண்டில் 120 கிரெடிட் பெறுபவருக்கு இளநிலைப் பட்டம், நான்காண்டில் 160 கிரெடிட் பெறுபவருக்கு ஹானர்ஸ் பட்டம் வழங்கப்படும். ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் பட்டத்திற்கு முதல் ஆறு பருவங்களில் 75 சதவீத மதிப்பெண் தேவை. முதலாண்டின் இறுதியிலோ இரண்டாம் ஆண்டின் இறுதியிலோ வெளியேறுவோர் 4 கிரெடிட் மதிப்பிலான தொழிற்பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே?

மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் முதன்மைப் பாடத்திற்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு 60. எஞ்சியவை துணைப்பாடம், மொழி, திறன் மேம்பாடு, மதிப்புக்கல்வி, பயிற்சிப்பணி ஆகியவற்றுக்குச் செல்கின்றன. கனிம, கரிம, இயற்பியல், பகுப்பாய்வு வேதியியல் ஆகிய நான்கு பிரிவுகளையும் பாதி இடத்திற்குள் அடக்கி, பலபடிச் சேர்மங்கள், சுற்றுச்சூழல், கணினிவழி வேதியியல் போன்ற புதிய பகுதிகளையும் சேர்க்க வேண்டியுள்ளது. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைக் கைவிடுவது என்பதே பாடத்திட்டக் குழுக்களின் கடினமான கேள்வியாகும்.

வேதியியல் உட்பட ஒன்பது பாடங்களுக்கான வரைவுப் பாடத்திட்டங்களை யுஜிசி 2025 ஆகஸ்டில் வெளியிட்டுக் கருத்துகளைக் கோரியது. அதில் இடம்பெற்ற இந்திய அறிவு மரபு சார்ந்த பகுதிகள் விவாதத்திற்கு உள்ளாயின. இடம் குறைவாக இருப்பதால், ஒவ்வொரு புதிய பகுதியும் வேறொன்றின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது.

மாட்டுங்கா தரும் பாடம்

இத்தகைய கேள்வியை மும்பை முன்பே சந்தித்துள்ளது. 1933 அக்டோபர் 1 அன்று பம்பாய் பல்கலைக்கழகம் தொடங்கிய வேதித் தொழில்நுட்பத் துறை, நகரின் துணி ஆலைகளைக் கருத்தில் கொண்டு நெசவு வேதியியலையும் வேதிப் பொறியியலையும் கற்பித்தது. அதுவே இன்று மாட்டுங்காவில் இயங்கும் வேதித் தொழில்நுட்ப நிறுவனம் (ஐசிடி). அதன் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த சாய வேதியியலாளர் கே. வெங்கட்ராமன் ஆவார். ஃபிளேவோன் சேர்மங்களைத் தயாரிக்க உதவும் பேக்கர்-வெங்கட்ராமன் வினை அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

1982 வேலைநிறுத்தத்திற்குப் பின் பெரும்பாலான துணி ஆலைகள் மூடப்பட்டன. ஆனால் மருந்து, பலபடி, உணவு எனத் துறைகளை விரிவாக்கிக்கொண்ட அந்நிறுவனம் நிலைத்து நின்றது. உள்ளூர்த் தொழிலிலிருந்து தொடங்கும் பாடத்திட்டம் அத்தொழிலோடு முடிந்துவிடக் கூடாது என்பதையே இது காட்டுகிறது. தொழில்கள் மாறினாலும் அடிப்படை அறிவு கைகொடுக்கும்.

அருகிலேயே உள்ள எடுத்துக்காட்டுகள்

தாராவியின் மறுசுழற்சிக் கூடங்களில் பிளாஸ்டிக் வகைகளைத் தரம் பிரிப்பது அன்றாடப் பணி. பாலிஎத்திலீன் நீரில் மிதக்கும், பிவிசி மூழ்கும். அடர்த்தியையும் மூலக்கூறு அமைப்பையும் விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு தேவையில்லை. அங்குள்ள தோல் தொழிலும் அவ்வாறே. தமிழகத்தில் ஆவாரம் பட்டையால் தோல் பதனிடும் மரபு உண்டு. குரோமிய உப்பால் பதனிடும் முறை பின்னர் பரவியது. மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் ஆறு இணைதிறன் நிலைக்கு மாறினால் நச்சுத்தன்மை பெரிதும் கூடும். ஆக்சிஜனேற்ற எண் ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே விடை.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள ஆர்சிஎஃப் உரத் தொழிற்சாலை இயற்கை எரிவாயுவிலிருந்து அம்மோனியா தயாரிக்கிறது. வெப்பநிலையைக் குறைத்தால் விளைச்சல் கூடும், ஆனால் வினையின் வேகம் குறையும். எனவேதான் இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலை தேர்ந்தெடுக்கப்படுகிறது. இதே செயல்முறையில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடை எவ்வாறு குறைப்பது என்பது பசுமை வேதியியலின் கேள்வி. பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் ஆகியோர் 1998-இல் முன்வைத்த 12 கோட்பாடுகள் இத்துறையின் அடித்தளம். கழிவை உருவாக்கிய பின் அகற்றுவதைவிட, உருவாகாமல் தடுப்பதே மேல் என்பது அவற்றில் முதலாவது.

ஆய்வகமே அளவுகோல்

யுஜிசி கணக்கின்படி, செய்முறைக்கான ஒரு கிரெடிட் என்பது வாரத்திற்கு 2 மணி நேரம். 15 வாரப் பருவத்தில் இது 30 மணி நேரமாகும். இந்நேரத்தில் மாணவர் தாமே பியூரெட்டைக் கையாள்கிறாரா, நிறமாலைமானியை இயக்குகிறாரா, அல்லது செயல்விளக்கத்தைப் பார்த்துக் குறிப்பேட்டை மட்டும் நிரப்புகிறாரா என்பதே வேறுபாடு. சில துளிகளில் சோதனை செய்யும் நுண்ணளவு முறை செலவையும் நச்சு வாயு வெளியேற்றத்தையும் குறைப்பதால், வசதி குறைந்த கல்லூரிகளுக்கும் ஏற்றது.

சேர்க்கைக்கு முன் கேட்க வேண்டியவை

நான்காம் ஆண்டு அக்கல்லூரியிலேயே உள்ளதா? ஆய்வுத் திட்டத்தை வழிநடத்தப் பேராசிரியர்கள் உள்ளனரா? பயிற்சிப்பணியைக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா? வாரத்திற்கு எத்தனை மணி நேரம் ஆய்வகம்? இவற்றுக்கான விடைகளைப் பெற்ற பின் முடிவு செய்வது நல்லது. கூடுதலாக ஓராண்டு படிப்பது, குடும்பத்தின் வருவாயில் ஓராண்டு தாமதத்தையும் குறிக்கும். அந்த ஓராண்டு மாணவருக்கு எதைத் தருகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு பாடத்திட்டத்தை வகுப்போருக்கு உண்டு.