காற்றடைப்பும் வேற்றுமையும்: பழைய டீசல் லோரியின் எரிபொருள் கோளாற்றை அறிதல்

மொழியியலுக்கும் லோரிப் பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். நோயை அறிவதில் அதன் பெயர் எத்துணை இன்றியமையாததோ, இயந்திரக் கோளாற்றை அறிவதிலும் அத்துணை இன்றியமையாதது. கிள்ளான் பள்ளத்தாக்கில் லோரி ஓட்டுவோரிலும் பழுது பார்ப்போரிலும் தமிழர் பலர் உளர். ஓட்டுநர் சொன்ன சொல்லைப் போமன் வேறு பொருளில் கொண்டால், சிறு ரப்பர் குழாயை மாற்றவேண்டிய இடத்தில் விலைமிக்க பம்பு கழற்றப்படும்; அன்றைய நடைக்கூலியும் போகும்.

'காற்றடைப்பு' என்று ஓட்டுநர் கூறுவதாகக் கொள்வோம். இத்தொகையில் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது. 'காற்றால் அடைப்பு' என விரித்தால், டீசல் குழாயில் காற்றுப் புகுந்தது என்பது பொருள். 'காற்றுக்கு அடைப்பு' என விரித்தால், காற்று வடிகட்டியில் தூசி படிந்தது என்பது பொருள். 'புலிகொல் யானை' என்ற தொடர் புலியைக் கொன்ற யானையையும் புலியால் கொல்லப்பட்ட யானையையும் குறிக்கும் எனத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் காட்டிய மயக்கத்தை ஒத்தது இது. மலாய்ப் பேச்சுவழக்கில் இம்மயக்கம் இல்லை. 'மாசோக் ஆங்கின்' என்னும்போது 'புகுதல்' என்ற வினை வெளிப்படையாக நிற்கிறது.

இரு கோளாறுகளிலும் லோரி வலுவிழக்கும். காராக் நெடுஞ்சாலையின் ஏற்றத்தில் இது நன்கு புலப்படும். வேறுபாட்டைக் காட்டுவது புகை. உள்ளிழுக்கும் காற்றுக் குறைந்தால் டீசல் முழுமையாக எரியாமல் கரும்புகை எழும். டீசல் போதிய அளவில் வராவிட்டால் பெரும்பாலும் கரும்புகையின்றியே வேகம் குறையும். இயந்திரம் தடுமாறி நிற்கவும் கூடும்.

சிறிதளவு காற்று இத்துணைத் தீங்கு செய்வதேன்? டீசல் இயந்திரத்தில் தீப்பொறி எழுப்பும் பிளக் இல்லை. உருளையினுள் காற்று கடுமையாக அழுத்தப்பட்டுச் சூடேற, அதில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. தெளிப்பதற்கு உயர் அழுத்தம் வேண்டும். டீசல் எளிதிற் சுருங்காது, காற்று சுருங்கும். ஆகவே பம்பினுள் குமிழ் நுழைந்தால், தள்ளுவிசை அக்குமிழைச் சுருக்குவதிலேயே கழிந்து, நாசில் திறவாது போகிறது.

டீசல் செல்லும் வழியை நிரலாக அறிந்தால் கோளாற்றின் இடமும் தெரியும். தொட்டி, உறிஞ்சு குழாய், நீர்ப்பிரிப்பான், ஊட்டுப் பம்பு, வடிகட்டி, உயரழுத்தப் பம்பு, நாசில் என்பது பழைய லோரிகளின் பொதுவான வரிசை. ஊட்டுப் பம்புக்குப் பின்னுள்ள குழாய் விரிந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். முன்னுள்ள குழாய் விரிந்தால் காற்று உள்ளே நுழையும். ஒரு துளியும் சிந்தாமல் இருக்கலாம். கசிவு இல்லை என்பதாலேயே குழாய் நலமாக உள்ளது என்று முடிவு செய்தலாகாது.

சோதனையை எளியதிலிருந்து தொடங்குதல் வேண்டும். முதலாவது, தொட்டியின் மூடியைத் தளர்த்திப் பார்க்கலாம். உடனே வலு திரும்பினால், தொட்டிக்குள் காற்று செல்லும் துளை அடைபட்டிருக்கிறது. இரண்டாவது, நீர்ப்பிரிப்பானின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடிக்க வேண்டும்; நீர் டீசலினும் கனமாதலின் அடியில் தங்கும். மூன்றாவது, வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழற்ற டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். குமிழ் ஓயாவிட்டால், காற்று உறிஞ்சும் பகுதியில் நுழைகிறது. நான்காவது, உறிஞ்சு குழாய்க்கு மாற்றாக, தூய டீசல் உள்ள கலனிலிருந்து நேரே ஊட்டிப் பார்க்கலாம். கோளாறு மறைந்தால் பம்பின்மேல் பழியில்லை. தொட்டியையும் குழாயையுமே ஆராய வேண்டும்.

இவற்றின் பின்னரே நாசிலுக்கு வருதல் தகும். பழைய வகை இயந்திரத்தில், தேர்ந்த போமன் நாசில் குழாய்களின் மரையை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். எதைத் தளர்த்தும்போது ஓட்டத்தின் ஒலி மாறவில்லையோ, அந்த உருளையில்தான் குறை. காமன் ரெயில் வகைப் புதிய லோரிகளில் இதைச் செய்தலே கூடாது. அங்கு அழுத்தம் ஆயிரம் பாரையும் கடக்கும். எவ்வகையாயினும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். கையால் தடவிக் கசிவு தேடுதல் பேரிடர்.

நம் நாட்டுக்குரிய காரணம் ஒன்றும் உண்டு. 2019இல் போக்குவரத்துக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து பெறும் உயிரி டீசலைச் சேர்த்தல் நடைமுறைக்கு வந்தது. இது பழைய தொட்டிகளில் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பும். நீரையும் கூடுதலாக ஈர்க்கும். அதனால் நெடுநாள் ஓடிய லோரியில் வடிகட்டி முதலில் அடைபடுதல் இயல்பு.

ஆகவே கோளாற்றைச் சொல்லும்போது தொகையாகச் சொல்லாமல் விரித்துச் சொல்லுதல் நலம். எது, எதனுள், எங்கே, எப்போது என்னும் நான்கும் அதில் இருத்தல் வேண்டும். 'காற்றடைப்பு' என்பதற்கு மாறாக, 'இரவு நிறுத்திவைத்த பின் டீசல் குழாயினுள் காற்றுப் புகுகிறது; புகை இல்லை' என்று ஓட்டுநர் கூறினால், போமனின் ஆய்வில் பாதி அப்போதே முடிந்துவிடும். வேற்றுமை உருபு ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. பட்டறையிலும் அதற்கு வேலை உண்டு.