மின்னை அளந்தறிதல்

கம்பியினூடே ஓடும் மின்சாரத்தை நாம் கண்ணால் காண இயலாது. ஆயினும், அது விளக்கில் ஒளியாகவும், அடுப்பில் வெப்பமாகவும், விசிறியில் சுழற்சியாகவும் வெளிப்பட்டு நமக்குப் பணி புரிகின்றது. காணப்படாத இவ்வாற்றலைக் கணக்கிட்டு அறிய இரண்டே அளவுகள் போதும். அவற்றுள் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஓர் உண்மையும், இரண்டையும் பெருக்கினால் மற்றோர் உண்மையும் புலனாகும். அவ்வுண்மைகளை அறிந்தவர்க்கு மின்சாரம் நல்ல பணியாள். அறியாதவர்க்கு அதுவே பகையாகவும் மாறக்கூடும்.

அவ்விரண்டு அளவுகள் யாவை? மாடியின்மேல் நீர்த்தொட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தொட்டி உயரத்தில் இருப்பதனால் நீர் குழாயின் வழியே உந்தப்பட்டு வருகின்றது. அவ்வுந்துதலைப் போன்றது மின்னழுத்தம். அதனை வோல்ட்டு என்னும் அலகால் அளப்பர். ஒரு நொடியில் குழாய் வழியே வரும் நீரின் அளவைப் போன்றது மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். குழாய் குறுகியும் நீண்டும் இருப்பின் நீர் குறைவாகவே வரும். அவ்வாறே, கம்பி மெல்லியதாயும் நெடியதாயும் இருப்பின் மின்னோட்டம் குறையும். ஓட்டத்திற்கு இங்ஙனம் ஏற்படும் எதிர்ப்பே மின்தடை எனப்படும்.

இம்மூன்றிற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து கண்டவர் ஜார்ஜ் சைமன் ஓம் என்பவர். இவர் 1789ஆம் ஆண்டில், ஜெர்மனியிலுள்ள எர்லாங்கன் நகரில், பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபொழுது இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். இரு வேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னழுத்தத்தைப் பெற்றார். ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் உடைய செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, காந்த ஊசியின் விலக்கத்தைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். தம் முடிவுகளை 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அக்காலத்து அறிஞர் பலர் அந்நூலைப் போற்றவில்லை. 1841ஆம் ஆண்டில்தான் லண்டன் ராயல் சங்கம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. இன்று மின்தடையின் அலகு அவர் பெயராலேயே ஓம் என வழங்குகின்றது.

அவர் கண்ட விதி எளியது. வெப்பநிலை மாறாத ஒரு கம்பியில் மின்னழுத்தம் எத்தனை மடங்கு மிகுகின்றதோ, மின்னோட்டமும் அத்தனை மடங்கு மிகும். ஆகவே, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அவ்விரண்டையும் பெருக்கினால், ஒரு நொடியில் செலவாகும் ஆற்றலாகிய மின்திறன் கிடைக்கும். இதன் அலகு வாட்டு.

ஓர் எடுத்துக்காட்டினைக் காண்போம். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட்டு. ஓர் இஸ்திரிப் பெட்டியில் 4 ஆம்பியர் மின்னோட்டம் செல்வதாகக் கொள்வோம். 230ஐ 4ஆல் வகுக்க, அதன் மின்தடை 57.5 ஓம் என அறிகிறோம். 230ஐ 4ஆல் பெருக்க, அதன் மின்திறன் 920 வாட்டு எனத் தெளிகிறோம். 1,000 வாட்டுத் திறன் ஒரு மணி நேரம் செலவாவதே மின்கட்டணச் சீட்டில் காணும் ஒரு யூனிட். வெப்பம் தரும் கருவிகளுக்கு இக்கணக்கு நன்கு பொருந்தும். விசிறி முதலிய சுழல் கருவிகளுக்கு இதனோடு வேறு சில கணக்குகளும் வேண்டும்.

இனி, இப்பெட்டிக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியை நோக்குவோம். அதன் தடை அரை ஓம் எனக் கொள்வோம். 4 ஆம்பியர் செல்லும்பொழுது அக்கம்பியில் மட்டும் 2 வோல்ட்டு செலவாகும். இரண்டையும் பெருக்க, 8 வாட்டு அளவு வெப்பம் கம்பியில் தோன்றும். அதே கம்பியில் 8 ஆம்பியர் வேண்டும் நீர்சூடேற்றி ஒன்றையும் சேர்த்து இணைத்தால் ஓட்டம் ஏறத்தாழ 12 ஆம்பியர் ஆகும். அப்பொழுது கம்பியில் 6 வோல்ட்டு செலவாகி, 72 வாட்டு வெப்பம் தோன்றும். ஓட்டம் மும்மடங்காயிற்று, வெப்பமோ ஒன்பது மடங்காயிற்று! கம்பியின் மேலுறை உருகித் தீப்பற்றுவது இதனாலேயே ஆகும். அளவிற்கு மீறிய ஓட்டம் வந்தவுடன் தான் உருகி வீட்டைக் காப்பது உருகு கம்பி. அதனை அகற்றிவிட்டுத் தடித்த கம்பியை வைப்பவர், காவலனை வெளியேற்றிவிட்டுக் கள்வனுக்குக் கதவைத் திறந்து வைப்பவரே ஆவர்.

நம் உடலுக்கும் இவ்விதி பொருந்தும். உலர்ந்த தோலின் தடை மிகுதி. நனைந்துவிட்டால் உடலின் தடை 1,000 ஓம் அளவிற்கும் குறைந்துவிடக்கூடும். 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். ஒரு சிறு விளக்கை எரிக்கும் இவ்வோட்டமே மனிதர் உயிரைப் போக்க வல்லது. ஈரக்கையால் மின்விசையைத் தொடாதே எனப் பெரியோர் கூறுவது வெறும் அச்சுறுத்தல் அன்று. அது கணக்கின் விடை.

ஆகவே மாணவர்களே! ஒரு வகுத்தலையும் ஒரு பெருக்கலையும் நன்கு கற்றுக்கொள்ளுங்கள். புதிய கருவியை இணைக்குமுன் அதன்மீது பொறித்துள்ள எண்களைப் படித்துப் பாருங்கள். ஆய்வுகளை ஆசிரியர் முன்னிலையில், மின்கலத்தைக் கொண்டு மட்டுமே செய்யுங்கள். கற்ற கணக்கு தேர்வுக்கு மட்டுமன்றி, வீட்டிற்கும் உயிருக்கும் காவலாய் நிற்கும்.