645 வேலை பார்க்கும் ஒரு சொல்

பெங்களூரின் தொம்மலூரில் ‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஓய்வே இல்லை. மைதானத்தில் பையன்கள் ரன் எடுக்கிறார்கள். கோல்ஃப் லிங்க்ஸ் வளாக அலுவலகங்களில் புரோகிராம் ரன் ஆகிறது. 2008 மே மாதம் வரை பெங்களூருக்கு வந்த பயணிகள் விமானங்கள் இறங்கியதும் பக்கத்து எச்.ஏ.எல். ரன்வேயில்தான். இந்தச் சொல்லுக்கு மொத்தம் எத்தனை பொருள் இருக்கும் என்று அந்தப் பகுதி வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்.

வினைச்சொல்லாக மட்டும் 645. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக பீட்டர் கில்லிவர் ஏறத்தாழ ஒன்பது மாதம் உட்கார்ந்து பிரித்த கணக்கு இது. 1989 பதிப்பில் முதலிடம் ‘செட்’டுக்கு இருந்தது, சுமார் 430 பொருள். ‘ரன்’ அதை முந்தியதில் இயந்திரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. முதலில் மனிதனும் குதிரையும் ஆறும் ஓடின. பிறகு கடிகாரம், ஆலை, ரயில், கடைசியில் கணினி. புதிதாக எது வந்தாலும் ஆங்கிலேயர் பழைய வினையையே அதற்கும் கொடுத்தார்கள்.

பொருளை எப்படிப் பிரிப்பது? அகராதிக் கலையின் சுவையே இங்கேதான் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879-இல் பொதுமக்களை உதவிக்கு அழைத்தார். புத்தகம் படித்தவர்கள் வாக்கியங்களைச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். லட்சக்கணக்கில் குவிந்த அந்தச் சீட்டுகளை, உதிரிப்பூவில் மொட்டையும் மலர்ந்ததையும் வாடியதையும் தனித்தனியே ஒதுக்கும் பூக்காரம்மாவைப் போல, ஆசிரியர்கள் பரப்பி வைத்துப் பிரித்தார்கள். முதல் பதிப்பு முழுமையடைந்தபோது 1928 ஆகிவிட்டது.

அந்தச் சிரமம் புரிய நம் ‘ஓடு’ போதும். கூரை ஓட்டையும் ‘அன்போடு’ என்பதில் வரும் உருபையும் முதலில் விலக்கிவிட வேண்டும். அவை வேறு சொற்கள். மிச்சமுள்ள வினையைப் பாருங்கள். ஆறு ஓடுகிறது, உடம்பில் ரத்தம் ஓடுகிறது: இவை ஒரே பொருளா, இரண்டா? படம் நூறு நாள் ஓடியது என்றால் கூட்டம் வந்தது என்று அர்த்தம். சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது; விரிசல் அசையவே இல்லை. ‘ஏதோ வண்டி ஓடுது’ என்பவரிடம் வண்டியே இருக்காது. ‘அவன் மனசில் என்ன ஓடுதோ’, ‘கையும் ஓடல, காலும் ஓடல’. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத உட்கார்ந்தால் ஒரு வாரம் போதாது.

பல மொழி புழங்கும் தொம்மலூர் போன்ற இடத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கன்னடத்திலும் ‘ஓடு’ நம் ஓடுதான். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுக்காரர் ‘மன டீம் ஓடிப்போயிந்தி’ என்றால் மட்டும் அணி எங்கும் ஓடிவிடவில்லை; தோற்றுவிட்டது. போரில் புறங்காட்டி ஓடியவனே தோற்றவன் என்று நினைத்துப் பார்த்தால் இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

இப்படிப் பொருள் பிரித்துத் தரும் அகராதிக்காரர்களைக் கன்னடம் கொண்டாடுகிறது. 1894-இல் கன்னட அகராதி வெளியிட்ட ஃபெர்டினாண்ட் கிட்டலுக்கு எம்.ஜி. சாலைப் பகுதியில் சிலை இருக்கிறது. ஜி. வெங்கடசுப்பையா ‘பிரஜாவாணி’ நாளிதழின் ‘இகோ கன்னட’ பத்தியில் வாசகர்களின் சொல் சந்தேகங்களுக்குப் பல ஆண்டுகள் பதில் எழுதினார். 2021-இல் 107 வயதில் மறைந்தபோது ஊரே அவரை நினைவுகூர்ந்தது.

தமிழர்கள் இந்த விஷயத்தில் அசட்டையாகவே இருக்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகளாக 1936-இல் முடிந்தது. அதற்குப் பிறகு பிறந்த பொருள்களை அதில் தேடிப் பயனில்லை. இன்றைய தமிழுக்கு க்ரியா பதிப்பகத்தின் எஸ். ராமகிருஷ்ணன் 1992-இல் தற்காலத் தமிழ் அகராதி கொண்டுவந்தார். தற்கால எழுத்திலிருந்து சான்று திரட்டிச் செய்த உழைப்பு அது. மூன்றாம் பதிப்பு வந்த 2020-லேயே அவர் காலமானார். இத்தனை பெரிய வேலை ஒரு சிறு பதிப்பகத்தின் தோளில் இருந்தது சரியே அல்ல. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது பள்ளிக்காக வாங்கிய ஆங்கிலம்–தமிழ் அகராதி மட்டும்.

அகராதிக்குப் பணமும் நிரந்தர ஆட்களும் வேண்டும். லெக்சிகனே ஒரு லட்சம் ரூபாய் மதிப்பீட்டில் 1913-இல் தொடங்கியதுதான். முடியும்போது செலவு நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. பணத்தைக் காரணம் காட்டி வேலையை யாரும் பாதியில் நிறுத்திவிடவில்லை.