விசாகப்பட்டினத்து மணலில் ஒரு காவலறை

தறியோசையில் வாழும் ஆரணி மக்களாகிய நமக்குக் கடல் என்றோ ஒருநாள் வாய்க்கும் காட்சி. ஆகவே விசாகப்பட்டினத்து ராஸ் குன்றின் மேலுள்ள தேவமாதா ஆலயத்திற்குப் பங்கு மக்களுடன் நாம் சென்றிருந்தபோது, பூசை முடிந்ததும் யாவரும் கடற்கரைக்கே விரைந்தனர். அங்கே சாலைக்கும் அலைக்கும் இடையே, தடித்த சுவர்களையுடைய சிற்றறை ஒன்று மணலில் பாதி புதைந்து சாய்ந்து கிடந்தது. தண்ணீர்த் தொட்டியோ என்றனர் சிறுவர். அது இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் காவலறை.

குனிந்து உள்ளே நோக்கினோம். துப்பாக்கி நீட்டுதற்கென விட்ட இடுக்கின் வழியே கடல் ஒரு சரிகைக் கரைபோல் மெலிதாகத் தெரிந்தது. “சாமி, எங்கள் தறிக்குழியே இதைவிட விசாலம்!” என்றார் உடன் வந்த நெசவாளர் ஒருவர். இதற்குள் இராப்பகலாய் அமர்ந்து கடலையே பார்த்திருந்த சிப்பாய்களின் நிலையை எண்ணிக் கொண்டோம்.

அவர்களுடைய அச்சம் வீணன்று. 1942 ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் ‘ரியூஜோ’ என்னும் கப்பலிலிருந்து எழுந்த விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. ஏப்ரல் 9ஆம் நாள் திரிகோணமலை தாக்கப்பட்டது. சென்னைவாசிகள் ஆயிரக்கணக்கில் ரெயிலேறி உள்நாட்டூர்களுக்கு ஓடியதும் அம்மாதமே. தம் பாட்டனார் சொல்லக் கேட்டவர்கள் ஆரணியில் இன்றும் உளர். ஆயினும் எந்தப் படையும் இக்கரையில் இறங்கவில்லை.

இறங்காத பகைவனுக்கு மாறாகக் கடலே இன்று அறையைத் தாக்குகிறது. நம் கீழைக் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறிக்கவே, வடபுறக் கரை மணலின்றி அரிக்கப்படுகிறது. சென்னையிலும் இக்கதையே. துறைமுகம் எழுந்த பின் தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரம் கரை இழந்தது. விசாகப்பட்டினத் துறைமுகம் 1933இல் திறக்கப்பட்டது. 1970களில் வெளித்துறைமுகமும் அமைந்தது. எந்தத் துறைமுகத்தைக் காக்க இவ்வறையைக் கட்டினார்களோ, அதன் சுவர்களே இதன் காலடி மணலைத் தடுக்கின்றன! துறைமுகத்தார் தூர்வாரிய மணலைக் கரையில் கொட்டி ஈடு செய்கின்றனர். அது போதாத ஆண்டுகளில் கடல் தோண்டிவிடுகிறது.

அருகில் வலை உலர்த்திய மீனவரைத் தெலுங்கறிந்த நம்மவர் விசாரித்தார். சில மாதங்களில் கூரை மட்டும் தெரியுமாம்; சில மாதங்களில் வாயிலும் தெரியுமாம். அலை எட்டாத மேட்டுக்கு இதைப் பெயர்த்து வைத்தல் நலம். அதற்குச் செலவு மிகுதியெனில், அளந்து படமெடுத்து ஒரு பலகையாவது நாட்டலாம். அங்கே நாம் எந்தப் பலகையையும் காணவில்லை.

ராஸ் குன்றுக்குச் செல்லும் குடும்பங்கள் கடல் வற்றிய வேளையில் சென்று இதனைக் காண்க. சிறுவரை மட்டும் உள்ளே இறங்க விடாதீர்கள். நாம் நின்றபோதே வாயிலோரத்து மணல் சரிந்தது.